தட்டிக்கொண்டே இருந்த கை

கையை எடுத்த பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

கம்பி அடைத்த குழந்தைக் கட்டிலுக்குள்ளிருந்து அவள் கையை விரல் விரலாக உருவிக்கொண்டிருந்தாள். அது ஒரு வித்தை. முதலில் தட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகு உள்ளங்கையின் கனத்தை, கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையையே. என்னதான் நைசாக எடுத்தாலும் பொடிசுக்குத் தெரிந்துவிடும். 'ம்மா' என்று ஒரு வீறல், மறுபடி முதலிலிருந்து. இரண்டு வயதுகூட ஆகாததற்கு முதுகெல்லாம் கண். இன்று அது அசையவில்லை. பால் வாடையும் காயாத துணியின் வாடையும் தேங்கிய இருட்டில், சின்ன முதுகின்மேல் ஓர் உள்ளங்கை விழும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. தொப். தொப். தொப்.

அவள் பேருந்து ஓட்டுபவள். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆன பின்னும் இன்ஜின் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதுவும் அதுபோலத்தான் என்று சொல்லிக்கொண்டு, பூனைபோல வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தன் அறையில் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். எத்தனை மாதமாயிற்று இப்படித் தூங்கி!

கூடத்து சோபாவில் படுத்து, குழந்தை வீறிட்டாலும் எழுந்து வராத கணவன், கொட்டாவி விட்டபடி டீயை நீட்டினான். "பாவம்மா நீ. விடிய விடிய தட்டிட்டே இருந்தியே, கை என்னத்துக்கு ஆகும்?"

அவள் டீயை வாங்கிக் குடித்தாள்.

தட்டியது நான் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த அறையில் விளக்கு எரியும், தேடுவார்கள், இரவு முழுக்க அவளே உட்கார வேண்டும். போன வாரம் சிக்னலில் ஸ்டியரிங் மேலேயே கண் அசந்துவிட்டாள். பின்னால் வந்த லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். புத்தி சொல்ல மட்டும் ஊரே இருந்தது. வெந்நீரில் குளிப்பாட்டு, விளக்கைப் போடு, விளக்கை அணை, அழவிட்டுப் பார். ஓர் இரவு உட்கார்ந்து தட்டத்தான் ஒருவரும் இல்லை.

"என்னக்கா, வண்டி இன்னைக்கு வெண்ணெய் மாதிரி வழுக்குது?" என்றார் நடத்துனர். "பொடிசு மனசு இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

அன்று இரவு அவள் தட்டவே இல்லை. குழந்தையைக் கிடத்தினாள், கதவைச் சாத்தினாள். அழுகை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் தொடங்கியது. காதுவரை போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பொடிசு நாற்காலியில் இடித்துக்கொண்டு அழுதது. ஓடிப்போய்த் தூக்கி முதுகில் தட்டினாள். குழந்தை வில்லாக வளைந்து அவள் கையைத் தள்ளிவிட்டது.

"வேணாம்."

"அம்மாடா கண்ணு."

"நீ வேணாம். அது."

பிடியை விட்டு நழுவி இறங்கி, விளக்கில்லாத அந்த அறைக்குள் தானாகவே நடந்து போனது. அழுகை நின்றுவிட்டது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாதம் கண் எரிய, தோள் இற்றுப்போகத் தட்டியது யார்? பெற்றவள் நான். இன்றைக்கு வண்டி போனாலும் போகட்டும், இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

கூடத்தில் குறட்டை எழுந்தது. பொடிசு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கதவிடுக்கில் வந்த மங்கல் வெளிச்சத்தில் அதன் சட்டை முதுகில் அமுங்குவதும் எழும்புவதும் தெரிந்தது. அமுங்கிய இடத்தில் ஐந்து விரல்களின் பள்ளம்.

கம்பிக்குள் கையை விட்டாள். அந்தப் பள்ளத்தின் மேலேயே வைத்தாள்.

சத்தம் நின்றது.

குளிர். உள்ளங்கைக்கு அடியில் எதுவோ நழுவியது. விலகியது.

போய்விட்டது. அவளே தட்டத் தொடங்கினாள்.

அப்போது அவள் முதுகில். தொப்.

மெதுவாக. அவள் தட்டும் அதே சீரில். தொப். தொப்.

திரும்ப வேண்டும். கழுத்து கேட்கவில்லை. இமை கனத்தது. தோளிலிருந்த அத்தனை மாதத்து வலியும் கரைந்தது. ஐயோ, எவ்வளவு சுகம். கூடாது. தூங்கக் கூடாது. அவள் கை கம்பியிலிருந்து நழுவித் தொங்கியது.

பொடிசு எழுந்து நின்றது. உதட்டில் விரல் வைத்தது.

"ஸ்ஸ்... ம்மா தூங்குது."

அவளிடம் அல்ல. அவள் தலைக்கு மேலே, பின்னால் பார்த்து.

கத்த வேண்டும். குரல் வரவில்லை. குழந்தை தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்திச் சிரித்தது.

அவள் முதுகில் தட்டுவது நிற்கவில்லை. பாதி மூடிய கண்களுக்கு முன்னால், அந்தச் சின்னப் பாதங்கள் இரண்டும் மெத்தையைவிட்டு மெல்ல மேலே எழும்பின.