முப்பத்தொன்றாவது தலை

அல்வர் தாண்டி, மலைக்குள்ளே, மழைக்காலத்தில் மட்டும் விழுகிற அருவி அது. 1978 சுதந்திர தின விடுமுறைக்கு, டெல்லி சரோஜினி நகர் தமிழ்ச் சபையார் வாடகை பஸ்ஸில் போயிருந்தார்கள்.

"நம்ம குத்தாலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பில்லா இது!" என்றார் பொறுப்பாளர் ஏசுதாஸ் அண்ணாச்சி.

ஆள் எண்ணுவது மைக்கேலின் வேலை. பகலில் லோதி ரோட்டில் குமாஸ்தா, மாலையில் கல்லூரி. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற சுபாவம். தங்கை மார்கரெட்டையும் அழைத்து வந்திருந்தான். நர்ஸ் படிப்புக்காக அவள் டெல்லி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. 'உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்' என்று அப்பா எழுதியிருந்தார்.

மூன்று மணிக்கு மேகம் கறுத்தது. எல்லோரும் அவசரமாக பஸ் ஏறினார்கள். மைக்கேல் தலைகளை எண்ணினான். முப்பத்தொன்று. சரிதான். மறுபடியும் எண்ணினான்.

"உன்னையும் சேத்து எண்ணினியா தம்பி?" என்றார் அண்ணாச்சி. பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குக் கூசித்தான் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைசி சீட்டில் மார்கரெட் தன் நீலத் துண்டால் தலையை மூடிச் சுருண்டிருந்தாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பத்து மைல் போயிருப்பார்கள். பாசி வாடை அடித்தது. எல்லோரும் நனைந்தவர்கள், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு சீட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடிவந்து அவன் காலைத் தொட்டது.

சில்லென்றிருந்தது.

கடைசி சீட்டிலிருந்துதான் வந்தது.

"மார்கரெட்..."

துண்டு மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுகிறாள். தோளைத் தொட்டான்.

தோள் இல்லை.

துண்டு அப்படியே அமுங்கியது. அடியில் ஒரு பிடி ஆற்றுமணல்.

"வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி! எந்தங்கச்சி அங்கயே நிக்கா!"

"நீதானய்யா முப்பத்தொண்ணுன்ன?"

தண்ணீர் ஏறினால் ராஸ்தா பந்த், வழி அடைபட்டுவிடும் என்று டிரைவர் மறுத்தார். மைக்கேல் அவர் காலில் விழுந்தான்.

திரும்பி வந்தபோது அருவி செம்மண் நிறத்தில் இரைந்து கொட்டியது. தொண்டை கிழியும் வரை கத்தினான். குரலே போயிற்று. அப்போதுதான் பாறையடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"எண்ணே, ஏன் விட்டுட்டுப் போன? ஜன்னல் வழியா என்னையப் பாத்தியே. கையக்கூட ஆட்டினியே."

அவன் பார்க்கவில்லை. கை ஆட்டவுமில்லை. ஆட்டினேனோ?

அவளைத் தூக்காத குறையாக ஏற்றி, பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தோளில் சாய்ந்தாள். பஸ் நகர்ந்தது. இந்தத் தடவை அண்ணாச்சியே நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"மார்கரெட்!"

"இருக்கேன் அண்ணாச்சி" என்றது தோளில் சாய்ந்திருந்த தலை.

மைக்கேல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

வெளியே, கொட்டும் மழையில், நீலத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மார்கரெட் ஓடி வந்துகொண்டிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

எழப் பார்த்தான். முடியவில்லை. அவன் பிடித்திருந்த கை இப்போது அவனைப் பிடித்திருந்தது.

கத்தக் குரல் இல்லை. மற்றக் கையால் கண்ணாடியில் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவளுக்கு, அண்ணன் கை ஆட்டுவதுபோலத்தான் தெரிந்திருக்கும்.