ஆறாம் நம்பருக்குப் பதில்

ஆறாம் நம்பர் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் முதலில் நடந்தது. ஐந்தாம் நம்பர் டெக்ஸ்டர் "அஞ்சு" என்று கத்தி வாயை மூடுவதற்குள், "ஆறு" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. மற்ற குழந்தைகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரின் மட்டும் கவனித்தாள், ஏனென்றால் ஆறாம் நம்பர் அவள் பெற்ற பெண். டில்டா இடது பக்கம் இரும்புப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். குரல் வந்ததோ வலது பக்கத்திலிருந்து, குகை உள்ளே சரிந்து போகிற பக்கத்திலிருந்து.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எரிமலைக் குழம்பு ஓடி ஓடி, கடைசியில் வெளித்தோல் இறுகி, உள்ளே இருந்ததெல்லாம் வடிந்துபோய் மிச்சமான குகை அது. பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விட்டுத்தான் திரும்பி வரும். மேலே ஜூலை மாதத்து மத்தியான வெயில் ஃபர் என்கிற ஊசியிலை மரங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கீழே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

மலைப்பள்ளியின் கோடை முகாமில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்துக் குழந்தைகள், இரண்டு வாலண்டியர்கள். முன்னால் போகிறவர் தலை, கடைசியில் வருகிறவர் வால். அன்றைக்குத் தலை கொரின். வால் ராய்ஸ், நாற்பது வருஷம் மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடிப்பார். எங்கே நின்றாலும் தலை "எண்ணு" என்று சொல்ல வேண்டும், குழந்தைகள் ஒன்றிலிருந்து பத்துவரை அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும், கடைசியில் வால் "வால்" என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால் நடக்கலாம். மே மாதப் பயிற்சியில் இதைத்தான் அரை நாள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. ஒரு நம்பர் வரவில்லையென்றால் விளக்கைப் போட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாலண்டியர் பிள்ளைகளுக்கு முகாமில் இடம் நிச்சயம். அப்படித்தான் டில்டா உள்ளே வந்தாள், ஒன்பது வயது. வந்த முதல் நாளே டெக்ஸ்டர் அவளுக்கு 'அம்மா கோண்டு' என்று பெயர் வைத்துவிட்டான். இரவு கூடாரத்துக்குள் அழுதுவிட்டுக் காலையில் வீங்கிய முகத்தோடு வந்தவளைத் தனியாகக் கூப்பிட்டு கொரின் சொன்னாள், "இந்த அஞ்சு நாளும் நான் உனக்கு அம்மா இல்ல. எல்லாரையும் மாதிரி கொரின்னு கூப்பிடு. உனக்குன்னு தனியா எதுவும் செய்ய மாட்டேன். அப்பதான் அவனுங்க வாயை மூடுவானுங்க." நல்லதுக்குத்தான் சொன்னாள். டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

படிக்கட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்து, மேலேயிருந்து விழுந்து சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட பெரிய கல்லுக்கு அடியில் இரண்டாவது முறை நின்றார்கள். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஹெல்மெட்டுகளில் டொக் டொக்கென்று விழுந்தது. ஈரக் கல் வாசனை, குழந்தைகளின் வேர்வை, யாரோ பையில் வைத்திருந்த கடலை வெண்ணெய் சாண்ட்விச்சின் வாசனை எல்லாம் அந்தக் குளிரில் ஒன்றாக அப்பிக்கொண்டு நின்றன. கொரின் "எண்ணு" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு. ஏழு.

ஜாக்கெட்டை யாரோ இழுத்தார்கள். டில்டா.

"அது நான் சொல்லலை," என்றாள் மெதுவாக.

"எது?"

"ஆறு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள யாரோ சொல்லிடுறாங்க. படிக்கட்டுலயும் அப்படித்தான். அம்மா, நாம திரும்பிப் போலாமா?"

"அம்மா" என்ற அந்த ஒரு வார்த்தை டெக்ஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "கோண்டுக்குப் பயம் வந்துடுச்சு டோய்," என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ராய்ஸ் பின்னாலிருந்து "டேய், உன் நாக்குக்கு ஒரு பூட்டு வாங்கணும்டா," என்றார், ஆனால் அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது.

கொரினுக்குக் கன்னம் சுட்டது. கோபம் டெக்ஸ்டர்மேல் வர வேண்டியது, பெண்மேல் வந்தது. "கொரின்," என்று திருத்தினாள். "விளையாடாத. உன் இடத்துல போய் நில்லு."

டில்டாவின் விரல்கள் ஜாக்கெட்டை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கீழே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தரையெல்லாம் கறுப்பு மணல். அதற்கு மேல் பெரியவர்கள் போக முடியாது. கூரைக்கும் மணலுக்கும் நடுவே ஓரடி உயரத்துக்கு ஒரு பிளவு மட்டும் இருட்டாக நீண்டு உள்ளே போனது. அந்தப் பிளவிலிருந்து சன்னமாகக் காற்று வந்தது, கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். மலைப்பள்ளிக் குழந்தைகள் வருஷம் முழுக்கப் பேசிக்கொள்கிற 'இருட்டு நிமிஷம்' அங்கேதான். எல்லாரும் மணலில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, பிறகு இருட்டிலேயே நம்பர் சொல்ல வேண்டும்.

"நான் மட்டும் விளக்கைப் போட்டுக்கிறேனே," என்றாள் டில்டா. "கையால மூடிக்கிறேன். கொரின். ப்ளீஸ்."

ஒன்பது முகங்கள் கொரினைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றாள்.

ஹெல்மெட் விளக்குகள் அணைந்தன. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ மணலைக் கிளறினார்கள், ராய்ஸின் நெஞ்சு கர்ரென்றது, பிளவிலிருந்து அந்தக் காற்று வந்து கொரினின் கணுக்காலைத் தொட்டுவிட்டு நின்றது. பிறகு உள்ளே போயிற்று. காற்று எப்படி உள்ளே போகும் என்று ஒரு கணம் நினைத்தாள். நிமிஷம் முடிந்தது.

"எண்ணு."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஒன்றும் வரவில்லை.

கொரின் காத்திருந்தாள். டில்டா இந்தத் தடவை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், தான் சொன்னது நிஜம் என்று காட்டுவதற்காக. அந்தப் பிடிவாதம் கொரினுக்கு நன்றாகத் தெரியும், அவளுடைய பிடிவாதமேதான். இருட்டில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "கோண்டு ஒண்ணுக்குப் போயிட்டா," என்று கிசுகிசுத்தான். சிரிப்பு பரவியது. இப்போது விளக்கைப் போட்டால் டில்டா அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

"ஆறு," என்று அவளே சொன்னாள். "போதுமா? அடுத்து."

ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. வால்.

அப்புறம் மணலில் எதையோ இழுக்கிற சத்தம். கனமில்லாத எதையோ. கொஞ்ச நேரம்தான்.

"விளக்கைப் போடுங்க கண்ணுங்களா," என்றார் ராய்ஸ்.

கொரின் விளக்குகளை எண்ணினாள். பத்து. ராய்ஸுடையது பதினொன்று. மூச்சு சீராக வந்தது. முகம் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது; பத்து விளக்கும் கண்ணைக் கூசவைத்தன, முகம் எங்கே தெரிகிறது. எண்ணிக்கை சரி. கிளம்பலாம்.

திரும்பி நடக்கும்போது முறை மாறும். ராய்ஸ் தலை, கொரின் வால். டில்டா வேண்டுமென்றே பின்தங்கிக் கடைசி ஆளாக, கொரினுக்கு நாலடி முன்னால் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். கொரினுக்கு மனசு கேட்கவில்லை. சாயந்திரம் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், காட்டில் ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனவள், முன்னால் போகிற காலணிகளிலிருந்து சத்தமே வரவில்லை என்பதைப் பாதி வழி வந்த பிறகுதான் கண்டுபிடித்தாள். மற்றவர்களின் கால்கள் சரளையை நொறுக்கிக்கொண்டு போயின. தண்ணீர் சொட்டியது. அவள் பெண்ணின் கால்கள் பட்ட இடத்தில் ஒன்றும் நொறுங்கவில்லை.

"டில்டா."

நடை நிற்கவில்லை.

"டில்டா, கோபமா?"

அப்போது பின்னாலிருந்து வந்தது. தூரத்திலிருந்து, தாழ்வாக, தரையோடு தரையாக.

"அம்மா."

கொரின் சடக்கென்று நின்றாள்.

"அம்மா, சொல்றேன்மா. ஆறு. நான் சொல்லிட்டேன். ஆறு. இனிமே ஒழுங்கா சொல்றேன். அம்மா, என் விளக்கைக் காணோம். ஆறு. ஆறு."

அழுகை. மூக்கடைத்துக்கொண்ட, தேம்பித் தேம்பி வருகிற, கொரினுக்கு ஒன்பது வருஷமாகத் தெரிந்த அழுகை.

முன்னால் போனது நின்றது. அதன் விளக்கு முன்பக்கச் சுவரில் ஆடாமல் நின்றது.

"திரும்பு," என்றாள் கொரின். "திரும்பி உன் நம்பரைச் சொல்லு."

அது திரும்பவில்லை. "ஆறு," என்றது. "போதுமா? அடுத்து."

கொரினின் குரல். அதே எரிச்சல். அதே அவசரம்.

அவள் ஓடினாள். பின்னோக்கி, கீழ்நோக்கி. முழங்காலைக் கல் கிழித்தது. தோள் சுவரில் இடித்தது. அழுகை நெருங்கியது. மணல். பிளவு. குப்புற விழுந்து கையை உள்ளே நீட்டினாள். ஹெல்மெட் கூரையில் முட்டி மேலே போக விடவில்லை. விரல்கள் துழாவின. மணல். கல். மணல்.

சின்னக் கை. சூடான கை.

டில்டாவுடையதுதான். நகம் கடித்த விரல்கள். கொரின் பிடித்துக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது.

"யாரு?" என்றாள் டில்டா. "வெளிச்சம் கண்ணு கூசுது. யாரு அது?"

தூரத்தில், படிக்கட்டின் பக்கம், ராய்ஸின் குரல் குகை வழியாக உருண்டு வந்தது. "எண்ணு."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"ஆறு," என்றது அங்கே டில்டாவின் குரல், உற்சாகமாக.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

நாங்க இங்க இருக்கோம் என்று கொரின் கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"வால்," என்றது அங்கே கொரினின் குரல்.

"சரியா இருக்கு," என்றார் ராய்ஸ். "ஏறுங்க கண்ணுங்களா." இரும்புப் படிகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. நிறைய கால்கள். பிறகு ஒன்றுமில்லை.

"அம்மா, நீதானே?" கை அவள் பிடிக்குள் நெளிந்தது. "ஏம்மா பேச மாட்டேங்குற? பேசும்மா."

வாயைத் திறந்தாள். காற்று. கையை இறுக்கிப் பிடித்தாள், அதுதான் அவளால் சொல்ல முடிந்தது. டில்டா வீறிட்டாள்.

"விடு. வலிக்குது. நீ எங்கம்மா இல்ல. விடு."

முகம். முகத்தைக் காட்ட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி, விளக்கைத் தன் பக்கம் திருப்பினால் பிள்ளை பார்த்துவிடும். வார் தாடைக்குக் கீழே இறுகிக் கிடந்தது. ஒரு கையால் முடியவில்லை. மறுபடி முயன்றாள். முடியவில்லை. ஒரு நொடிதான், ஒரே ஒரு நொடி.

கையை விட்டாள்.

வார் கழன்றது.

பிளவுக்குள் ரொம்ப ஆழத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. அன்பான குரல். இந்த வாரம் முழுக்க அவள் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்த குரல்.

"டில்டா, கண்ணு, அம்மா இங்க இருக்கேன். இந்தப் பக்கம் வாடா."

"அம்மா," என்று டில்டா சிரித்தாள். அழுகையோடு சிரித்தாள். மணலில் முழங்கால்கள் உரசின. இரண்டு சின்னக் காலணிகளின் அடிப்பாகம் ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்தது, பிறகு ஒன்று மட்டும், பிறகு அதுவும் இல்லை. பிளவின் வாயில் கொரின் கன்னத்தை மணலில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். விளக்கைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண் குருடாகிற அந்த வெளிச்சத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.