டாக்டர் எழுதிய கடைசி அத்தியாயம்

“டாக்டர் எழுதின ஊர் வரலாற்றுல கடைசி அத்தியாயம் என்னைப் பத்தினது சார். அந்த நோட்டையே காணோம்,” என்றார் கம்பவுண்டர். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இருபது வருடங்களுக்கு முன் அவர் கலக்கிக் கொடுத்த மருந்தைக் குடித்து ஒரு குழந்தை இறந்தது. அளவு கூடிவிட்டது. சீட்டில் சரியாகத்தான் எழுதியதாக டாக்டர் சொன்னார்; சீட்டு கிடைக்கவில்லை. ஊரே கம்பவுண்டரைக் கரித்துக்கொட்டியது. டாக்டர் மட்டும் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த நன்றிக்கு டாக்டர் வீட்டுத் தோட்டத்திலும் சேர்த்து உழைத்தார் மனிதர். சாகக் கிடந்தபோது டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நடந்ததை எழுதிட்டேன். படி,” என்றாராம். மறுநாள் டாக்டர் இல்லை. டாக்டரின் மகன் கம்பவுண்டரை வாசலோடு நிறுத்திவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நிதானமாகக் குடையை எடுத்தார். அவருடைய அக்கா மகள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். துப்பறிவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

நாடி பிடித்துக்கொண்டே பழைய பாலம் எந்த வருடம் இடிந்தது என்று நோயாளியிடம் விசாரிக்கிறவர் டாக்டர். கம்பவுண்டரோடு அவர் வீட்டுக்குப் போனபோது, அலமாரியில் அந்த நோட்டு இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

“அப்பாதான் எரிக்கச் சொன்னார்,” என்றார் மகன். “வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். சாம்பலை வெட்சிச் செடிக்குப் போடுன்னதும் அவர்தான். போய்ப் பாருங்க.”

சாம்பல் அங்கேதான் கிடந்தது.

“சரியாத்தானே இருக்கு மாமா? சாம்பல் நல்ல உரமாச்சே,” என்றாள் அக்கா மகள்.

“கம்பவுண்டரைக் கேளு.”

“வெட்சிக்கு ஆகாதும்மா, இலை மஞ்சளாயிடும். ஒரு தடவை ஒரு பிடி போட்டதுக்கு டாக்டர் எங்கிட்ட ரெண்டு நாள் பேசல.”

இன்ஸ்பெக்டர் மகனிடம் திரும்பினார். “நாற்பது வருஷம் செடி வளர்த்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். செடியைப் பத்தித் தெரியாத நீங்கதான், அவர் போனப்புறம் எரிச்சிருக்கீங்க. அதுல என்ன எழுதியிருந்தது?”

மகனின் முகம் வெளிறியது. “அளவைத் தப்பா எழுதினது அப்பா. இவர் சீட்டுல இருந்தபடிதான் கலக்கினார். அப்பாதான் சீட்டைக் கிழிச்சுட்டார்.”

கம்பவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேனே... வேலை கொடுத்த தெய்வம்னு அவரைக் கும்பிட்டேனே!”

“இதை ஊர்ல நாலு பேர் முன்னாடி சொல்லுங்க,” என்றாள் அக்கா மகள். மகனுக்கு நேரே போய் நின்றாள்.

“அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அப்பா பேர் வைக்கிறாங்க. நான் எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல,” என்றார் மகன்.

இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தது அத்தனையும் சரிதான். எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

“அந்தக் குழந்தையோட அம்மா என்னைப் பார்த்தா வேற தெருவுல போயிடுவாங்க தம்பி,” என்றார் கம்பவுண்டர். “ஊருக்கு வேண்டாம். அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க.”

மகன் கதவைச் சாத்தினார்.