நீலப் பக்கம்

காலையில் மூடி நேராக நிறுத்தியிருந்த ஷவர் கைப்பிடி, மதியத்துக்குள் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. பழைய சோப்பின் மணமும் துருவின் மணமும் ஈரச் சுவர்களுக்கிடையே தேங்கி நிற்க, ஷவரிலிருந்து சொட்டுகள் ஒரு கணக்கும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மூன்று விழும், நிற்கும், போதும் என்று அவன் வெளியேறத் திரும்பும்போது, கூப்பிடுவதுபோல் இன்னொன்று விழும்.

கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். சுடுநீரையும் குளிர்நீரையும் சுவருக்குள் கலந்துவிடும் சின்ன உருளை அது. அதன் ரப்பர் வளையங்கள் போய்விட்டால் மூடினாலும் சொட்டும், கைப்பிடி இறுகும் அல்லது நழுவும், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் கொதிக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள அவனுக்கு இருபது நிமிடம் ஆனது. முப்பது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்ட பிளம்பர், சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "மொத்தமா ஒடைக்கணும் சார்" என்றான். அதைச் சொல்லும்போது கொட்டாவி வேறு விட்டான்.

"என்ன மாப்ளே, ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சா?"

மனைவியின் அண்ணன் தேநீர்க் கோப்பையுடன் கதவில் சாய்ந்து நின்றார். அவள் இறந்துபோய் நான்கு மாதம். அவர் இன்று வந்தது அதை விசாரிக்க அல்ல. போன வாரம் திடீரென்று கொதித்த ஷவர் ஏழு வயது மகளின் தோளைச் சிவக்க வைத்திருந்தது. அவளை அழைத்துப்போக வந்திருந்தார்.

"பல்பு மாட்டணும்னாலே என் தங்கச்சியத்தான் கூப்பிடுவீங்க. ஸ்பேனருக்குத் தலை எது, வால் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப தெரியும், மச்சான்."

"அஞ்சு மணிக்குக் கெளம்பறேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா பிள்ளை இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அவ துணிமணிய எடுத்து வைங்க."

சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். இந்த உறிஞ்சலைக் கேட்டுக்கொண்டே தன் மனைவி இருபது வருடம் வளர்ந்தாள் என்பது அவனுக்கு நம்பமுடியாததாக இருந்தது.

கீசர் போன வாரத்திலிருந்தே அணைந்து கிடந்தது. மெயின் வால்வை மூடினான். திருகாணி விழுந்துவிடாமல் வடிகாலின் மேல் துணியைப் போட்டான். சிவப்பும் நீலமும் தீட்டிய மூடியை நெம்பி, கைப்பிடியைக் கழற்றி, வளைந்த கம்பிக் கொக்கியை உருவி, இடுக்கியால் கார்ட்ரிட்ஜைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. பிறகு, மறுமுனையை யாரோ பிடித்துத் தன் பக்கம் இழுப்பதுபோல், நிதானமாக உள்ளே போனது.

வெற்றிடம். உறிஞ்சல். எட்டாம் வகுப்புப் பாடம்.

மறுபடி இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் வந்துவிட்டது. பித்தளைத் துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் மணிக்கட்டில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

குழாயில் அடைபட்ட காற்று. பேய் என்று உளறுகிறவர்களை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. அந்த வரிசையில் போய் நிற்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் கழுத்து வியர்த்திருந்தது.

பழைய ரப்பர் வளையம் விரலில் கருப்பாக உதிர்ந்தது. வாங்கி வைத்திருந்த புதுக் கார்ட்ரிட்ஜுக்குக் கிரீஸ் தடவினான்.

"இன்னுமா முடியல?" கூடத்திலிருந்து குரல் வந்தது. "வீடியோ பாத்து வைத்தியம் பண்ணா நோயாளி செத்துத்தான் போவான்!"

துளைக்குள் இருட்டு சற்று அருகில் வந்திருப்பதுபோல் இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளிக் கொக்கியை மாட்டினான்.

வால்வைத் திறந்தான். கைப்பிடி வெண்ணெய்போல் திரும்பியது. மூடினான். ஒரு சொட்டு இல்லை.

"வந்து பாருங்க, மச்சான்."

வந்தார். திருப்பினார். மூடினார். அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "குருட்டு அதிர்ஷ்டம்" என்றார். அந்த முகம் சுருங்குவதை அவன் நிதானமாக ரசித்தான். நான்கு மாதத்தில் அவன் ரசித்த ஒரே விஷயம் அது. அவர் பார்க்கும்படியே கீசரையும் போட்டான்.

அரை மணி கழித்து மகள் வந்தாள். படம் வரைந்து, முழங்கை வரை பெயிண்ட்; கவுனிலும் பெயிண்ட்.

"அப்போ நான் மாமாகூடப் போக வேண்டாமாப்பா?"

"வேண்டாம். ஷவர்ல போய் நில்லு, கவுனோடயே."

"சுடாதா?"

"சுடாது. நீலப் பக்கம் திருப்பு. பச்சத் தண்ணிதான் வரும்."

"நீலத்துல பச்சத் தண்ணியா?" என்று சிரித்தபடி ஓடினாள்.

அவன் குப்பையைத் திரட்டினான். புதுக் கார்ட்ரிட்ஜின் பெட்டிக்குள் ஒரு மடித்த தாள். படம் போட்டிருந்தது. உருளையின் வெட்டுப்பள்ளம் மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சூடும் குளிரும் பக்கம் மாறிவிடும்.

பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது?

அவன் பார்க்கவில்லை. சோதித்தபோது இரண்டு பக்கமும் குளிர்நீர்தான். இப்போது கீசர் சூடேறியிருக்கும்.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

ஓடினான். நாற்காலி சரிந்தது. "என்ன மாப்ளே?" கதவு. கதவின் அடியில் நீராவி.

திறந்தான்.

வெள்ளை. இரைச்சல். அலறல் இல்லை. ஏன் அலறல் இல்லை?

நீராவி விலகியது. கைப்பிடி நீலத்தின் கோடியில் இருந்தது. மகள் சுவரோரம் குந்தியிருந்தாள். தலை நனையவில்லை. கவுன் நனையவில்லை. கொதிநீர் அவளுக்கு மேலே எதன்மீதோ விழுந்து சிதறியது. விழுந்த இடத்தில் ஒரு முதுகு. வளைந்த முதுகு. தோள்கள். அவளுக்கு இருபுறமும் சுவரில் ஊன்றிய கைகள். நீர் மட்டும்தான் அவற்றை வரைந்தது. உள்ளே எதுவும் இல்லை.

மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"வலிக்குதாம்மா?"

அவனுக்குப் பின்னால் ஓடிவந்த காலடிகள் நின்றன.

நீர் வரைந்த தலை நிமிர்ந்தது. மெல்ல அவன் பக்கம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கொதிநீர் வழிந்தது. ஒரே ஒரு குழியில் மட்டும் வழியவில்லை. அது வாயின் உயரத்தில் இருந்தது. அகலமாகிக்கொண்டே போனது.