ஒண்ணு ஜாஸ்தி

செக்போஸ்ட் நோட்டில் ‘மூன்று பேர்’ என்று எழுதியாகிவிட்டது. காரில் இருந்ததோ இரண்டே பேர்.

தப்பு ஜெபீனாவுடையதுதான். கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் போனில் பேசிக்கொண்டே வந்தாள். டேஷ்போர்டில் மாட்டியிருந்த போனின் ஸ்பீக்கரில் இரண்டு ஆண்குரல்கள் ஓயாமல் சண்டை போட்டன. மலையடிவாரத்தில் குறுக்குக் கம்பியைத் தூக்கும் முன் காவலர் குனிந்து, “எத்தினி பேருங்க?” என்று கேட்டார். “மூணு பேருங்க” என்று சொல்லிவிட்டாள். மத்தியான மயக்கத்தில் இருந்த அந்த மனிதரும் காருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார், கம்பி மேலே போனது.

“அம்மா, மூணாவது யாரு?” பின்சீட்டிலிருந்து பாயிஸா கேட்டாள். ஏழு வயது. கையில் சிப்ஸ் பாக்கெட்.

“யாருமில்லடி செல்லம். வாய் தவறிப்போச்சு.”

ஸ்பீக்கரில் சிரிப்பு வெடித்தது. “ஒண்ணு ஜாஸ்தி!” என்று கத்தினான் சந்தோஷ். “இருவத்தஞ்சு வருசம் ஆவுது, இன்னும் அந்தப் புத்தி போவல பாரு இவளுக்கு!”

அது ஒரு பழைய வியாதி. துருகம் ரோட்டில் ஜெபீனாவின் மாமா பஷீர் அகமது நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், பள்ளிக்கூடம் விட்டதும் அவள், சந்தோஷ், வேடியப்பன் மூன்று பேரும் ஓடிப்போய் உட்காருவது ஃபார்டாக் என்ற ஒரே விளையாட்டுக்குத்தான். கறுப்புத் திரை, வெள்ளைக் கோடுகள், விண்வெளியில் ஒரு சரக்குக் கப்பல். இந்தத் துறையில் தானியம் ஏற்று, அந்தத் துறையில் இறக்கு. வழியில் பயணிகள் கிடைத்தால் அவர்களையும் ஏற்றிக்கொள். கிளம்பும்போது துறை கேட்கும், எத்தனை பயணிகள் என்று. ஓர் ஆள் கூடச் சொன்னால் ஒரு சிலிண்டர் காற்று கூடக் கிடைக்கும். அந்தத் திருட்டு வழியைக் கண்டுபிடித்தவளே ஜெபீனாதான். அதற்கப்புறம் புரோட்டாக் கடையோ கல்யாணப் பந்தியோ, எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் மூவர் வாயிலும் ஒன்று கூடத்தான் வரும்.

கரியாலூரில் சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் சந்தோஷ், மாமாவின் அந்தப் பழைய மிஷினை எங்கிருந்தோ தேடிப் பிடித்து உயிர் கொடுத்திருந்தான். அதைப் பார்க்கத்தான் இந்தச் சனிக்கிழமைப் பயணம். மணலூர்பேட்டையில் கணக்கு வாத்தியாராக இருக்கும் வேடியப்பன் மறுநாள் வருவதாகப் பேச்சு.

“நேத்து ஆடிப் பார்த்தேன் ஜெபி. மறுபடியும் மூணுலயே மாட்டிக்கிச்சு” என்றான் சந்தோஷ். “தூரம் ஒம்போது, எட்டு, ஏழுன்னு கொறஞ்சிக்கினே வருது. மூணு வந்ததும் அப்படியே நிக்குது. அரை மணி நேரம் ஓட்டறேன், மூணுதான்.”

“பின்பக்கம் பார்க்கற பட்டனை அமுக்க வேண்டிதான?” என்றான் வேடியப்பன். “பார்த்தாத்தான் வுடும்.”

“அமுக்கினேன். ஏத்துனது ஒரு பயணி. கேபின்ல ரெண்டு பேர் உக்காந்துகினு இருக்காங்க. ரெண்டும் ஒரே மூஞ்சி.”

“அது பக்குடா, புரோகிராம்ல இருக்கற தப்பு. அந்தக் காலத்து மிஷின்ல மெமரி கம்மி. நாம பொய் சொன்ன ஆளுக்குன்னு தனியா மூஞ்சி வரைய எடம் இல்ல. இருக்கற மூஞ்சியவே இன்னொரு வாட்டி போட்டுடும். சொன்ன எண்ணிக்கை வந்தாத்தான துறை தொறக்கும்? அதான்.”

“பக்குன்னா எறங்கும்போது ஏன் ஒண்ணு மட்டும் எறங்குது? இன்னொண்ணு கேபின்லயே குந்திக்கினு இருக்குதே, அடுத்த துறைக்கும், அதுக்கடுத்த துறைக்கும்?”

ஜெபீனாவுக்குச் சின்ன வயதில் தூக்கம் கெட்டது இந்த ஒரு கேள்வியால்தான். “எறங்கனது எதுடா? நாம ஏத்துனதா, மத்ததா?” என்று கேட்டாள்.

“அது கேமுக்கே தெரியாது ஜெபி” என்றான் வேடியப்பன். “பார்க்காத வரைக்கும் ஒண்ணுதான். பார்த்துட்டா...”

அத்தோடு சிக்னல் போய்விட்டது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பனி இறங்கியது. கார்த்திகை மாதத்துப் பனிதான், மலையில் மத்தியானம் மூன்றரை மணிக்கே வரக்கூடியதுதான் என்று அவளுக்குத் தெரியும். விளக்கைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, ஈர மண்ணும் காட்டுப் பச்சையும் கலந்த வாசனை உள்ளேயே தங்கிவிட, வைப்பரின் கிறீச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி மெதுவாக ஏறினாள். பின்னால் பாயிஸா சிப்ஸ் கடிக்கும் சத்தம் ஒரே சீராக வந்தது. சாலையோரம் ஒரு மைல்கல். கரியாலூர் 3. அதன் தலையில் யாரோ ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“மூணே கிலோமீட்டர்தான்டி, வந்துட்டோம்” என்றாள்.

ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பாள். ஒரு வளைவு, ஒரு சின்னப் பாலம், ஒரு மூங்கில் புதர். அப்புறம் மைல்கல். கரியாலூர் 3. தலையில் பச்சை பாட்டில்.

ஜெபீனா சிரித்துவிட்டாள். சந்தோஷிடம் சொன்னால் குதிப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்தபடியே அவளுடைய கை மேலே போய், பின்சீட்டைக் காட்டும் உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டது. எதற்காகத் திருப்பினாள்? சும்மாதான். சின்ன வயதில் மூன்றில் மாட்டிக்கொண்டால், பின்பக்கப் பட்டன் மேல் கை படாமல் ஒரு அட்டையை வைத்து மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கம்.

வளைவு, பாலம், மூங்கில், கல். கரியாலூர் 3.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பினாள். கீழேயே போய்விடலாம், செக்போஸ்ட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பனி விலகியதும் வரலாம். இறக்கத்தில் பத்து நிமிடம் இறங்கினாள். அப்புறம் ரோடு தானாகவே ஏறத் தொடங்கியது. இறங்கிக்கொண்டிருந்த சாலை எந்த இடத்தில் ஏற ஆரம்பித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூங்கில். கல். பச்சை பாட்டில்.

யா அல்லாஹ், இது இன்னா கூத்து?

மணி நான்கு ஐம்பது. பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. போனில் ஒரு கோடுகூட இல்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் போதும், ஒரு ஆடு வந்தால்கூடப் போதும் என்றிருந்தது. ஒரு காக்கா சத்தம்கூட இல்லை.

பின்னால் சிப்ஸ் கடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு மெல்ல ஒன்று உறைத்தது. பத்து ரூபாய்ப் பாக்கெட் அது. ஒரு மணி நேரமாக எப்படித் தீராமல் இருக்கிறது? இன்னும் கொஞ்சம் காது கொடுத்தாள். கடி. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொரு கடி.

“பாயிஸா.”

“ம்.”

“இன்னாடி பண்ற?”

“சிப்ஸ் தின்னுகினு இருக்கேன்மா.”

ஒரே குரல்தான். மகளுடைய குரல்தான். கொஞ்சம் அகலமாகக் கேட்டது, அவ்வளவுதான். கார் சின்னது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, அப்படித்தான் கேட்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

“அம்மா, வாந்தி வர மாதிரி இருக்குது.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ செல்லம்.”

“அம்மா, என்னைப் பாரேன்.”

பெற்றவள் திரும்பிப் பார்க்காமல் இருப்பாளா? கழுத்து பாதி திரும்பிவிட்டது. ஜெபீனா பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை, நான் ஒரு விளையாட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அழுகை வந்தது. பார்க்க வேண்டாம், தொடலாமே. இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

“அம்மா கையைப் புடிச்சுக்கோ.”

பிடித்தது. சின்னக் கை. சிப்ஸ் எண்ணெய்ப் பிசுக்கு. மணிக்கட்டில் காலையில் அவளே கட்டிவிட்ட பாசிமணி. அல்லாவே, என் குழந்தைதான். ஜெபீனாவுக்கு மூச்சு வந்தது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இன்னொரு கை வந்து மேலே பிடித்தது. அதிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள், பாவம், பயந்திருக்கிறாள். ஜெபீனாவின் விரல் தானாகத் தடவியது. பாசிமணி. இந்தக் கையிலும். கட்டியது ஒரு கையில்தான். வலது கையில்தான். கட்டை விரலைத் தேடினாள். இந்தப் பக்கம். மற்றதிலும் இந்தப் பக்கம்.

இரண்டும் வலது கை.

கையை உருவிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஒன்று மகளுடையது. உதறினால் அதையும் உதற வேண்டும்.

கல். கரியாலூர் 3.

என்ஜின் ஒரு முறை இருமியது. பெட்ரோல் தீர்ந்தால் இங்கேயேதான். இருட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். இங்கே, இந்தப் பனியில், பின்னால் பார்க்காமல், எத்தனை நேரம்? பார்த்தால்தான் விடும் என்று வேடியப்பன் சொன்னான். பார்க்காத வரைக்கும் ஒன்றுதான் என்றும் அவனேதான் சொன்னான்.

“அம்மா, என்னைப் பாரேன்.”

“அம்மா, என்னைப் பாரேன்.”

குழந்தை அழுதது. மகள் அழுகிற அழுகைதான், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. அதற்கு மேல் ஜெபீனாவால் தாங்க முடியவில்லை.

திரும்பினாள்.

இரண்டு பாயிஸா. வலது ஓரம் ஒன்று, இடது ஓரம் ஒன்று. அதே ரோஜாக் கலர் கவுன். அதே விழுந்த முன்பல். அதே இடத்தில் கன்னத்துக் கண்ணீர். இருவரும் அவளைப் பார்த்து, பார்த்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில், அழுகையினூடே சிரித்தார்கள்.

ரோடு திறந்துகொண்டது.

பனி இரண்டாகப் பிரிந்தது. கரியாலூர் 2. கரியாலூர் 1. ஊர் முகப்பில் இன்னொரு செக்போஸ்ட், மஞ்சள் விளக்கு, மனிதர்கள், வறுத்த கடலை வாசனை. ஜெபீனா காரை நிறுத்தினாள். காவலர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“கீழ மூணு பேருன்னு எழுதியிருக்குதுங்க, வயர்லெஸ்ல சொன்னாங்க” என்றார். விரலால் எண்ணினார். “ஒண்ணு. ரெண்டு. மூணு. சரியா இருக்குதுங்க, போங்க.”

நான் பொய் சொன்னேங்க, ரெண்டு பேர்தான் வந்தோம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் எதை இறக்கிவிடச் சொல்வார்? அவர் கம்பியைத் தூக்கிவிட்டார்.

சந்தோஷ் தன் கூடாரங்களுக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நின்றிருந்தான். கார் நின்றதும் இடப்பக்கப் பின்கதவு திறந்தது. ரோஜாக் கலர் கவுன் குதித்து ஓடியது. “வாடா கண்ணு!” என்று அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது.

ஒண்ணு இறங்கிவிட்டது.

வலப்பக்க சீட்டில் ஒன்று இருந்தது. இறங்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, முன்னால் பார்த்தபடி.

ஜெபீனா கதவைத் திறக்கப் போனாள். கை நின்றது. இறங்கி ஓடினால் இதை விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். எது, எது, எது? பெற்ற வயிறு சொல்லும் என்பார்களே. வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

சந்தோஷ் கூடாரத்தை நோக்கி நடந்தான். அவன் தோளுக்கு மேலே அந்தக் குழந்தை காரைத் திரும்பிப் பார்த்தது. முகம் கோணியது. இரண்டு கையையும் ஜெபீனாவை நோக்கி நீட்டியது. வாய் பெரிதாகத் திறந்தது, அம்மா என்று.

சத்தம் பின்சீட்டிலிருந்து வந்தது.