கட்சிமானி பச்சை காட்டிய ஒரே ஆள்

வந்திருந்தவர்கள்: தொலைத்தூக்கி இயக்குநர்கள் முப்பத்தொன்பது பேர். செயலாளர் ஜெசிந்தா. நிர்வாகத்தின் சாட்சியாகக் கோகுலநாதன். மேசைமேல் கட்சிமானி. கட்சிக்காரர் எவருமில்லை.

கூட்டக் குறிப்பேட்டில் இந்தக் கடைசி வரியை எழுதும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் மிதப்பு வரும். தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்தப் புதுத் துறைமுகத்தில் முன்பு ஏழு கட்சிக்கு ஏழு சங்கம், வாசலில் ஏழு கொடிக்கம்பம். ஒன்று வேலைநிறுத்தம் என்றால் மற்ற ஆறும் கூடுதல் நேரம் பார்க்கும். யாரோடு பேசுவது என்று நிர்வாகம் கையை விரிக்கும். இதற்கிடையே, எட்டு மணி நேரம் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், தொலைவிலிருந்தே கிரேனை ஓட்டிக் கப்பல் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவர்களுக்கு நாற்பது வயதில் பார்வை போய்க்கொண்டிருந்தது. அதே வேலை பார்த்த ஜெசிந்தாவின் வலக்கண்ணில் இப்போதே ஒரு கரும்புள்ளி மிதந்தது.

அதனால்தான் அவள் எல்லோரையும் கட்சி சாராத ஒரே சங்கமாகச் சேர்த்து, கட்சிமானியைக் கொண்டுவந்தாள். கட்சிகள் மேடையிலும் சட்டமன்றத்திலும் பேசுவதையெல்லாம் அது நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளும். கூட்டத்தில் யாராவது அதே பேச்சைப் பேசினால் சிவப்பு விளக்கு, வேறு எதைப் பேசினாலும் பச்சை; சிவப்பு வாங்கியவர் வெளியே போக வேண்டும். போனவர்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்ததால், ஒவ்வொரு முறையும் கதவைப் பூட்ட வேண்டும், பச்சைக்காரர்கள் ஐந்து மணிவரை உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் விதி எழுதினாள். சாவி அவளிடம்.

முதலில் போனவர் தொம்மை. பாவம், பழக்கதோஷம். எழுந்ததுமே “எங்கள் தலைவர் அவர்களின் நல்லாசியோடு” என்று தொடங்கிவிட்டார். அந்த மாதமே ஏழு கட்சியிலுமாக இன்னும் பதின்மூன்று பேர் அதே மாதிரிப் போனார்கள். வெளியே நின்று நாங்கள் என்ன செய்வது என்று தொம்மை கேட்டதற்கு, “உம்ம கட்சி ஆபீஸ்ல போயிப் பேசும்வே” என்று சொல்லிப் பூட்டினாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. சங்கம் கேட்டது ஒன்றுதான்: இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கால் மணி நேரம் கண்ணுக்கு ஓய்வு. கட்சி வாடையில்லாத கூட்டம் இன்று ஐந்து மணிக்குள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றினால் கையெழுத்துப் போடுவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. தவறினால் அடுத்த வருடம்தான்.

ஜெசிந்தா எழுதிய தீர்மானத்தை இசக்கியப்பன் வாசித்தான். சிவப்பு.

“ஏக்கா, நான் எந்தக் கட்சியில சேந்தேன்? பொண்டாட்டி சொல்லுத கட்சிக்கே நான் ஓட்டுப் போடலையே.”

விதி விதிதான். அவனை அனுப்பிப் பூட்டினாள். அடுத்தவன் வாசித்தான். சிவப்பு. மூன்றாவதாக வாசித்தவளுக்கும் சிவப்பு. தீர்மானம் கட்சி சார்புடையது என்று குறித்துக்கொள்ளலாமா என்று கோகுலநாதன் மரியாதையாகக் கேட்டார். ஜெசிந்தா கட்சிமானியைத் தன் பக்கம் திருப்பினாள். யார் பேச்சு இது என்று காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

சட்டமன்றம். இன்று பகல் 2.40. ஏழு கட்சிகளும். ஒருமனதாகக் கண் ஓய்வுச் சட்டம் நிறைவேறியது.

கீழே, தீர்மானத்தில் அவள் எழுதிய முதல் வாக்கியம், எழுத்து மாறாமல்: கண்ணும் உடம்பில் சேர்த்திதான்.

அவள் அதை உரக்க வாசித்துக் காட்டினாள். யாரோ ஒருவன் அந்த வாக்கியத்தைக் கட்சிமானியின் முகத்துக்கு நேரே சொல்லி, சிவப்பு வாங்கி, சிரித்துக்கொண்டே வெளியே போனான். வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி ஆசைக்கு இரண்டு தடவை சொன்னாள். பத்து நிமிடத்தில் முப்பத்தொன்பது நாற்காலியும் காலி.

“சார், நீங்களும் ஒருக்கா சொல்லிப் பாருங்க” என்றாள் ஜெசிந்தா.

“மேல கேட்டுத்தாம்மா சொல்லணும்” என்றார் கோகுலநாதன்.

பச்சை. மேலே கேட்டுச் சொல்வதாக எந்தக் கட்சியும் இன்னும் வாக்குறுதி தந்திருக்கவில்லை.

ஜெசிந்தா தன் வாக்கியத்தைத் தானே சொன்னாள். விளக்கு அவளுக்கும் சிவந்தது. கதவைத் திறந்தாள். வெளியே வேட்டுச் சத்தம், ஏழு நிறக் கொடி. எங்கள் கட்சிதான் முதலில் பேசியது என்று ஏழு பேர் சண்டை போட்டுக்கொண்டே ஒரே பெட்டியிலிருந்து லட்டு தின்றார்கள். நடுவில் தொம்மை, கையில் பொன்னாடையோடு.

“ஏழு ஆபீஸ்லயும் வருசம் பூரா இதத்தான் பேசினோம். நீதானட்டி போயிப் பேசச் சொன்ன?” என்றார். “வா வெளிய.”

அவள் திரும்பி மேசைக்குப் போய்க் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்தாள். உள்ளே இருப்பவர்: ஒருவர். கோகுலநாதன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க எங்க சார்? நீங்க பச்ச” என்றாள். “அஞ்சு மணிக்கு வந்து தொறக்கேன்.”

வெளியே வந்து கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.