இல்மார் சொன்ன பதில்

படத்தில் இல்மார் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்தவளே நெவெனாதான். அவனுடைய மாணவர் அடையாள அட்டையில் இருந்த படம் அது. இரண்டு காதும் ஒரே அளவில் தெரிய, யாரோ அதட்டி உட்காரவைத்தது போல விறைப்பாக முன்னால் பார்ப்பான். தங்கும் விடுதியின் தெருக்கதவில் நண்பன் கலோயன் ஒட்டிவிட்டுப் போயிருந்த தாளில் ஒரு காதுதான் முழுசாகத் தெரிந்தது. முகம் கொஞ்சம், ஒரு விரற்கடை அளவுக்கு, இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அச்சில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு அவள் கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டினாள். மணி நாலரை. நவம்பரில் அதற்குமேல் வெளிச்சத்தை எதிர்பார்ப்பது பேராசை. ஆற்றிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் தெருவின் தாழ்ந்த முனையை ஏற்கெனவே மூடியிருந்தது. விறகுப் புகையும் ஈரக் கல்லும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

இந்த நாட்டில் செத்தவர்களைச் சுவரில்தான் பார்க்கலாம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு ஒரு தாள் அடித்து, வாசலிலும் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். ஒட்டாவிட்டால் செத்தவர் சரியாகச் சாகவில்லை என்பது போலப் பதறுவார்கள். எஸ்தோனியாவிலிருந்து ஒரு பருவம் படிக்க வந்து ஊர் திரும்பாமலே போன இல்மாருக்கு ஒட்ட யாருமில்லையே என்று கலோயனுக்குத் தோன்றிவிட்டது. தலைநகர் சோபியாவில், அவர்கள் படிக்கும் இடத்தில், முப்பது தாள் அடித்தான். போன வருஷம் இல்மாரும் சேர்த்து நான்கு பேராக இந்த ஊருக்கு, வெலிக்கோ தர்னோவோவுக்கு, வந்தார்களே, அதே வார இறுதியில் பிலியானாவையும் நெவெனாவையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டான். வரமாட்டேன் என்று சொல்ல நெவெனாவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணம் வெளியில் சொல்லக்கூடியதில்லை.

மத்தியானம் தலைவலி என்று அவள் படுத்துக்கொண்டபோது மற்ற இருவரும் கிளம்பினார்கள்.

"தாளைப் பாத்துக்கிட்டே வந்துடு. இங்கேர்ந்து ஆத்தோரப் பாறை வரைக்கும் ஒட்டிக்கிட்டே போறோம்," என்றான் கலோயன். "அப்பவும் வழி தவறினீன்னா உன்னைக் காணோம்னு இன்னொரு தாள் அடிக்க வேண்டியதுதான்."

"வாயை மூடுடா, எதுல வெளையாடறதுன்னு இல்ல," என்று பிலியானா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கதவருகே போனவள் திரும்பினாள். "நெவி, அஞ்சு மணிக்கு இல்மாரோட அம்மா வீடியோல வர்றாங்க. உன்கிட்டதான் பேசணுமாம்."

"என்கிட்டயா? எதுக்கு?"

"எதுக்குன்னா? அவனைக் கடைசியாப் பாத்தது நீதானேடி."

இரண்டாவது தாள் மூன்று கதவு தள்ளி, பூட்டிக் கிடந்த தையற்கடையின் பலகையில் இருந்தது. அதில் இல்மார் நேராகப் பார்த்தான். நெவெனா மூச்சை விட்டாள். தெரு வளைந்து இறங்கியது. மூன்றாவது தாள் மின்கம்பத்தில் இருந்தது. அதில் அவன் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது.

முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். கலோயன் வேறு வேறு படங்களைப் போட்டிருக்கிறான், கேட்காமல் எதையாவது செய்வதே அவன் வழக்கம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நடந்தாள். ஆனால் மூன்றிலும் அதே சட்டை, அதே சுருங்கிய காலர், பின்னால் அதே சாம்பல் நிறத் திரை. அட்டைக்காகப் படம் எடுத்தபோது வாசலில் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அன்று ஒரே ஒரு படம்தான் எடுத்தார்கள்.

நான்காவது, நேராக. ஐந்தாவது, இடப்பக்கம்.

அவன் வந்த முதல் வாரம் நடந்த சூப் கதையை வகுப்பே சொல்லிச் சிரிக்கும். கல்லூரி உணவகத்தில் பரிமாறும் அம்மாள் தட்டை நீட்டி, "சூப் வேணுமா?" என்று கேட்பாள். இல்மார் அவன் ஊர்ப்படி ஆவலாகத் தலையை மேலும் கீழும் ஆட்டுவான். இங்கே அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மூன்று நாள் சூப்பில்லாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் நெவெனாவிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்மேல என்ன கோபம்?" என்று கேட்டான். அவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, வேண்டும் என்றால் இங்கே தலையை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் ஊரில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம்; அதனால் அவனுக்கு அது கடைசிவரை குழப்பம்தான். ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னான்: "ஊருக்கெல்லாம் உங்க மாதிரி ஆட்டறேன். உன்கிட்ட மட்டும் என் மாதிரி ஆட்டிக்கறேனே. ஒருத்தர்கிட்டயாவது யோசிக்காம பதில் சொல்லணும்."

சரி என்று அவள் கை கொடுத்தாள். அந்த ஏற்பாடு இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு மட்டும்.

தெரு குறுகிக் கற்படிகளாக இறங்கியது. வீடுகளின் மேல்மாடிகள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததால் இங்கே இருட்டு முன்னதாகவே வந்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு நாயின் சங்கிலி, அவற்றுக்கெல்லாம் அடியில் விட்டுவிடாமல் ஆற்றின் இரைச்சல். ஒன்பதாவது தாளை அவள் வேண்டுமென்றே பார்க்காமல் கடந்தாள். ஆனால் கடைக்கண்ணில் பட்டுவிட்டது. பத்தாவதும். பதினொன்றாவதும். இடம், நேர், வலம். நேர், இடம். அவள் நடக்க நடக்கச் சுவரில் அவன் தலை ஆடிக்கொண்டே வந்தது.

நின்றாள். சுவரில் தலையும் நின்றது. முன்னால் இருந்த தாளில் முகம் வலப்பக்கம், கண் மட்டும் அவள் மேல்.

"கலோ," என்றாள் போனில், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "எத்தனை படம் போட்டே?"

"என்ன எத்தனை? நீ குடுத்தது ஒண்ணுதானே? முப்பதும் ஒரே தாள்தான்டி. வேகமா வா, படையல் கோதுமை ஆறிப்போகுது."

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சோபியா போகும் கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. இடம் பிடிக்கக் கலோயனும் பிலியானாவும் முன்னால் போய்விட்டார்கள். இல்மார் நாள் முழுக்க ஒவ்வொரு வாசலையும் பூனையையும் படம் எடுத்து எல்லாரையும் நிறுத்தி நிறுத்திப் பொறுமையைச் சோதித்திருந்தான். கடைசியாக ஒரே ஒரு படம் என்று ஆற்றுக்கு மேலிருந்த பாறையில் ஏறினான். கீழே பாதையில் நெவெனா காத்திருந்தாள். காலணிக்குள் தண்ணீர் போய்க் கால்விரல் மரத்திருந்தது. பாறைமேல் அவன் சறுக்கி விழுந்து, எழுந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். அவன் சொன்னது ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. காற்று அவள் பக்கமிருந்து அவன் பக்கம் வீசியது. அவள் கத்தியது அவனுக்குக் கேட்டது.

"தனியா இறங்கிடுவியா?"

அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். ஒரு தரம் இல்லை. ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆமாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. அது அவளுக்கு அந்த நொடியே புரிந்தது. ஏறி இறங்கக் குறைந்தது ஒரு மணி நேரம், பஸ் போய்விடும், இன்னும் ஒரு ராத்திரி, ஈரக் காலணி, நாளைக்குத் தேர்வு. இவ்வளவும் புரிந்தது. பிறகு ஊர்க்காரியாக அதை ஆமாம் என்றே புரிந்துகொள்வது என்று அவள் முடிவு செய்தாள். திரும்பி நடந்தாள்.

"அவன் இன்னும் படம் எடுக்கணுமாம், நாளைக்கு வர்றானாம்," என்று பஸ்ஸில் சொன்னாள். படம் எடுத்து எடுத்தே அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒரு மீன்பிடிக்காரர் பாறைக்கு அடியில் அவனைப் பார்த்தார்.

போலீஸிடம் அவள் பொய் சொல்லவில்லை. இடமும் வலமுமாகத் தலையாட்டினான் என்றாள், அவ்வளவுதான். அதிகாரி முகத்தைத் தடவிக்கொண்டு, "பாவம், வெளிநாட்டுப் பையன்" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். அவன் அம்மா மாரெட், உன்மேல் தப்பில்லை பெண்ணே, நீ உன் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டாய் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நெவெனா ஒரு தரம்தான் படித்தாள். அதற்குமேல் தாங்கவில்லை.

இப்போது அவள் ஓடினாள். அதுதான் அவள் செய்த தவறு. மெதுவாக நடந்தபோது மெதுவாக ஆடிய தலை ஓட ஓட வேகமாக ஆடியது. கம்பம், இடம். கதவு, வலம். வேலி, இடம். மரம், வலம். மூச்சு இரைத்தது. தலையைக் குனிந்தாள். ஈரக் கல்தரையில் காற்றில் பிய்ந்து விழுந்த ஒரு தாள். அதிலும் இடம். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் ஆடியது. இல்லை. இல்லை. இல்லை.

"சொல்லிடறேன்," என்று சத்தமாகச் சொன்னாள். தெருவில் யாரும் இல்லை. "இன்னிக்கு அவங்ககிட்ட சொல்லிடறேன். போதும். நிறுத்து."

கண்ணைத் திறந்தாள். வேலிக்கம்பத்தில் இருந்த தாளில் இல்மார் நேராகப் பார்த்தான். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும் நேராகத்தான். அவளுக்கு அழுகை வந்தது. ஆறுதலில் வந்த அழுகை. ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இவ்வளவு எளிதாகப் போய்விடுமா என்றிருந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி வழியை நிதானமாக நடந்தாள்.

பாறையின் அடியில் இரும்புக் கைப்பிடி ஓரமாக இருவரும் நின்றார்கள். கைப்பிடியில் கடைசித் தாள். பிலியானா சர்க்கரையும் அக்ரூட்டும் தூவிய வேகவைத்த கோதுமையைக் காகிதக் கிண்ணத்தில் நீட்டினாள். கலோயன் இல்மாருக்காகத் தரையில் கொஞ்சம் வைன் ஊற்றினான்.

"பேய் அடிச்ச மாதிரி இருக்கே. ஓடியா வந்தே?" என்றான்.

"குளிருச்சு."

போன் அடித்தது. கலோயன் அதைத் தூக்கிப் பிடித்தான். திரையில் மஞ்சள் விளக்கொளியில் ஒரு சமையலறை, மேஜைமேல் இரு கைகளையும் கோர்த்து வைத்த ஒரு பெண். இல்மாரின் அதே விறைப்பு, அதே காதுகள். அவர் முதலில் தாளைக் காட்டச் சொன்னார், பார்த்தார், நன்றி என்றார். பிறகு நெவெனாவைக் கேட்டார். கலோயன் போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பினான்.

"நெவெனா, உன்மேல எனக்குக் கோபம் இல்ல," என்றார் மாரெட். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்த ஆங்கிலம். "ராத்திரியில தூக்கம் வர்றதில்ல. ஒண்ணே ஒண்ணு உன் வாயால கேட்டுட்டா தூங்கிடுவேன். அவன் தலையாட்டினப்போ ஆமாம்னு சொல்றதாத்தானே நெனைச்சே?"

இல்லை என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் பக்கத்தில் பிலியானா அன்பாக அவள் தோளைப் பிடித்திருந்தாள். கலோயனின் கண் கலங்கியிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் இனி ஒருநாளும் தன்னை இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று நெவெனாவுக்குத் தோன்றியது. தூங்கட்டுமே அந்த அம்மாள். தூங்கினால் என்ன கெட்டுவிடும்?

"ஆமா," என்றாள். "ஆமாம்னுதான் நெனைச்சேன்."

சொன்னபோது ஊர் வழக்கப்படி தலையும் ஆடியது. இடம், வலம்.

நிறுத்த நினைத்தாள். நிற்கவில்லை.

இடம். வலம்.

"போதும்டி, அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு," என்று பிலியானா மெல்லச் சிரித்தாள்.

இடம். வலம். கோதுமைக் கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை. திரையில் மாரெட் கோர்த்திருந்த கைகளைப் பிரித்தார். அவருடைய கண்கள் அந்தத் தலையோடு கூடவே இடமும் வலமும் போய் வந்தன. ஆமாம் என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அப்போ தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போயிருக்கே," என்றார். சத்தம் போடவில்லை.

"நெவி? நெவி, நிறுத்து. வெளையாடாத!"

பிலியானா இரண்டு கைகளாலும் அவள் கன்னங்களை அழுத்திப் பிடித்தாள். தலை அந்தக் கைகளுக்குள்ளேயே திரும்பியது. முகவாய் தோளைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை. கழுத்துக்குள் சுள்ளி ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம். கலோயன் அலறினான், போன் மட்டும் அவன் கையில் அப்படியே நீட்டியிருந்தது. மாரெட் அழைப்பைத் துண்டிக்கவில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தாண்டிப் போன முகம், கண்கள் திறந்தபடி, மெதுவாக மறுபக்கத்துக்கு வரத் தொடங்கியது.